பைய என்ற சொல்லில் மோதிய கப்பல்

1

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், பன்னாட்டுக் கப்பல் போக்குவரத்தின் எதிர்காலம், உலகக் காப்பீட்டு நிறுவனங்களின் லாப நட்டம், இந்தியப் பெருங்கடலின் சட்டம் ஒழுங்கு ஆகிய மூன்றும் சில வாரங்களாகப் பாளையங்கோட்டையில், என் வீட்டு மாடியில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் நிலைகொண்டுள்ளன. வாசகர்கள் பதற வேண்டாம். நாற்காலியில் நான் உரிய கவனத்துடன்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சக எழுத்தாளர்களைக் கேட்டால், ஒரு மழைநாளில் ஒரு முகம் மனத்தில் வந்து நின்றது என்பார்கள். எனக்கு எந்த முகமும் வந்து நிற்கவில்லை. வக்கீல் ஞானசிகாமணி போன் செய்தார்.

"வே, உமக்குத் தமிழ் தெரியும்லா?"

நான் எழுதிய புத்தகங்களில் ஒன்றை அவருக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அது அவர் அலுவலகத்தில் மேசைக்கால் ஆடாமல் பார்த்துக்கொள்கிறது. "ஓரளவு தெரியும்" என்றேன்.

"அப்பம் ஒரு சர்டிபிகேட் எழுதித் தாரும். பெருசா ஒண்ணுமில்ல. ஒரே ஒரு வார்த்தைக்கு."

அந்த ஒரு வார்த்தைதான் கதை. மீதியெல்லாம் நான் சேர்த்துக்கொண்டது.

2

தொடக்கம், முதல் வரைவு:

அலைகள் ஓயாத அந்த நீலப் பெருவெளியில், விதி தன் இரும்புக் கரங்களை மெல்ல

அடித்துவிட்டேன். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவனுக்குக் கடல் என்பது ஆறு போய்ச் சேருகிற இடம். அதற்கு மேல் தெரியாது. தெரியாதவன் கடலை எழுதினால் அலை அளவுக்கு மீறி அடிக்கும். விதியும் தேவையில்லாமல் கையை நீட்டும்.

ஆகவே நடந்ததை மட்டும். கூடங்குளத்துக்குத் தெற்கே கடலில், விடிகிற நேரத்தில், ஒரு சரக்குக் கப்பலும் ஒரு ஃபைபர் மீன்பிடி வள்ளமும் மோதிக்கொண்டன. ('மோதிக்கொண்டன' என்பது கப்பல் கம்பெனி தாக்கல் செய்த மனுவில் உள்ள சொல். லாரியும் தக்காளிக் கூடையும் மோதிக்கொண்டன என்பதைப் போல.) வள்ளத்தில் இருந்தவர்கள் இருவர். ஒருவர் தொம்மை, நாற்பதைத் தாண்டியவர்; வள்ளம் அவர் பெயரில் இருக்கிறது. இன்னொருவன் பெனோ, தொம்மையின் அக்கா சாலோமியின் ஒரே மகன். வழக்கமாக வரும் மூன்றாவது ஆளுக்கு அன்று காய்ச்சல். வள்ளம் பிளந்தது. தொம்மையை வேறொரு வள்ளம் தூக்கிக்கொண்டது. பெனோ மறுநாள் கரை ஒதுங்கினான்.

கப்பல் நிற்கவில்லை. அடுத்த துறைமுகத்தில்தான் அதைப் பிடித்து நிறுத்தினார்கள். அதிலிருந்து கடலில் ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் காகிதத்தில்தான் நடந்தது.

3

திருநெல்வேலியில் மோதல் வழக்குகளுக்கு ஒரே சட்டம்தான்: பெரிய வண்டியின் மேல்தான் தப்பு. வண்ணார்பேட்டையில் ஒரு பஸ்ஸும் சைக்கிளும் உரசிக்கொண்டால், சைக்கிள்காரர் பஸ்ஸின் கூரையிலிருந்து சைக்கிளோடு குதித்திருந்தாலும், கூட்டம் பஸ் டிரைவரைத்தான் கீழே இறக்கும். தீர்ப்பு, மேல்முறையீடு, தண்டனை எல்லாம் அடுத்த பஸ் வருவதற்குள் முடிந்துவிடும்.

கடலில் அப்படி இல்லை என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. அங்கே தப்பைப் பங்கு வைக்கிறார்கள். யார் யாருக்கு வழிவிட்டிருக்க வேண்டும், யார் கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார், யார் வேகத்தைக் குறைத்தார் என்பதையெல்லாம் எடைபோட்டு, உனக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு என்று தப்பை அறுத்துக் கொடுக்கிறார்கள். நட்டஈடும் அதே பங்குப்படி. எங்கள் பக்கத்தில் தகப்பன் சொத்தைக்கூட யாரும் இத்தனை நேர்த்தியாகப் பிரித்ததில்லை.

ஞானசிகாமணி இதை எனக்கு விளக்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுவதும் மோட்டார் விபத்து வழக்கு நடத்தியவர் அவர். இந்த வழக்கு வந்ததும் வாசல் பலகையில் 'கடல்சார் சட்ட நிபுணர்' என்று புது பெயின்டில் ஏற்றிவிட்டார். இடம் போதாததால் 'நிபுணர்' பலகையை விட்டிறங்கிச் சுவரில் தொடர்கிறது. கடலுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் ஒரு மாவட்டமே கிடக்கிறது.

"பாரும் வே" என்றார். "தொம்ம வள்ளத்தப் பைய விட்டுக்கிட்டு, கப்பலப் பாத்து ஒதுங்கியிருக்கான்னா தப்பு அவனுவளுக்கு. அதே இது, லைசென்சு இல்லாத சின்னப் பய எஞ்சினப் புடிச்சிருந்தான்னா கத கந்தல். செத்தவன் தப்புக்குச் செத்தவனே பொறுப்புன்னுருவானுவ. சாலோமிக்கு வாரதுல பாதி காணாமப் போயிரும். அது போனாலும் போவுது, மவன் தானே போயி முட்டிக்கிட்டான்னு காயிதத்துல ஏறிரும்லா. பெத்தவ அத எப்படித் தாங்குவா?"

அவரைக் கிண்டல் செய்தே பழகிவிட்டேன். இந்தக் கடைசி வரியை மட்டும் கிண்டல் செய்ய முடியவில்லை. அடுத்த பகுதிக்குப் போகிறேன்.

4

வார்த்தை இதுதான்.

தொம்மையை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, கப்பலின் காப்பீட்டுக்காரர்கள் சார்பில் சென்னையிலிருந்து ஒருவர் வந்து, நடந்ததைச் சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்துகொண்டு போனார். அங்கே யாரோ அதைக் கேட்டு, தட்டச்சு செய்து, ஆங்கிலமும் ஆக்கினார்கள். பதிவின் நகல் வக்கீலிடம் வந்தது, அவரிடமிருந்து என்னிடம் வந்தது. முக்கியமான இடத்தைக் காதில் விழுந்தபடியே தருகிறேன்:

"கப்பலப் பாத்தோம். வாடைக்குத் திருப்புனோம். பைய (இருமல்) தான் விட்ட (இருமல்)"

அவ்வளவுதான். வயிறு நிறைய உப்புத்தண்ணீர் குடித்து வந்த மனிதர். அதற்கு மேல் இருமல் மட்டும்தான்.

இது சென்னைக்குப் போய் ஆங்கிலமாகி, மறுபடி என் தமிழில் வந்தால் இப்படி இருக்கும்: 'நாங்கள் கப்பலைப் பார்த்தோம். நாற்றம் காரணமாகத் திரும்பினோம். படகைப் பையன்தான் ஓட்டினான்.'

வாடை என்றால் கடலோரத்தில் வடக்கு. தொம்மை வடக்கே, கரையைப் பார்த்துத் திருப்பியிருக்கிறார். சென்னை அலுவலகத்தின் கணக்கில் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு திருப்பியிருக்கிறார். மீன்பிடி வள்ளத்தில் நாற்றம் பொறுக்காமல் திசை மாற்றிய முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்.

பைய என்றால் மெதுவாக. நெல்லைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: ஏணியில் ஏறுகிறவனைப் 'பைய ஏறு' என்போம், சூடான காப்பியைப் 'பையக் குடி' என்போம். சென்னையில் உள்ளவர் காதுக்கு இந்தச் சொல் இல்லை. எனவே அவர் தன்னிடம் இருந்த சொல்லைப் போட்டு நிரப்பிவிட்டார்.

"வாடைய நாத்தம்னு எழுதுனவன், பையவப் பையன்னு எழுதமாட்டானா?" என்றார் ஞானசிகாமணி. "நம்மூர்ல எவன் வே பையன்ங்கான்?"

அப்பழுக்கில்லாத வாதம். அன்று மாலையே உட்கார்ந்து சான்றிதழை எழுதினேன். 'நெல்லை வட்டார வழக்கில் நெடுங்கால அனுபவம் உடையவன் என்ற முறையில்' என்று தொடங்கி, 'பையன் என்னும் சொல் மேற்படி பேச்சாளரின் வழக்கில் அரிது' என்று முழங்கி, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டேன். படித்துப் பார்த்தபோது எனக்கே எழுந்து நிற்கத் தோன்றியது.

(இடையில் ஒன்று. அந்தச் சான்றிதழின் வேலை ஒரு பாத்திரத்தைக் கொல்வது. சென்னையில் ஒரு தட்டச்சர் காது தவறியதில் ஒரு பையன் பிறந்திருக்கிறான். அவனுக்குப் பெயர் கிடையாது, ஒரே ஒரு வாக்கியம்தான் அவன் ஆயுள், அதற்குள் எஞ்சினைப் பிடித்துக் கப்பலில் முட்டியும்விட்டான். நான் எழுதிய எந்தப் பாத்திரத்தையும் நம்பி எந்தக் கம்பெனியும் இப்படிப் பணத்தை நிறுத்திவைத்ததில்லை. பொறாமை இல்லை என்றால் பொய்.)

5

கிறிஸ்டி என் மனைவி. நான் எழுதுவதை அச்சாகும் முன்பு படிக்கிற ஒரே ஆள். அச்சான பிறகும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. நான் பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தபோது பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"யாரு பய அது?"

"எந்தப் பய?"

"அதான், பயதான் விட்டான்னு சொல்லுதாருல்லா."

"பைய. பையத்தான் விட்டேன்னு சொல்லுதாரு."

"அப்படியா? எனக்குப் பயன்னுதான் கேக்கு."

"மெதுவான்னு அர்த்தம் வருமே, அந்தப் பைய, கிறிஸ்டி."

"நீங்க சர்டிபிகேட்ட எழுதிவச்சிட்டுக் கேக்கிய. நான் எழுதாமக் கேக்கேன்."

சொல்லிவிட்டு யாருக்கோ அரை மதிப்பெண் குறைத்தாள்.

நான் மறுபடி ஓடவிட்டேன். விட்டேனா, விட்டானா என்று சொல்லியிருக்க வேண்டிய வாலை இருமல் விழுங்கியிருந்தது. பிறகு இன்னொரு முறை. நெல்லையில் யாரும் பையன் என்பதில்லை, உண்மைதான். பய என்கிறோம். எங்க பய, அந்தப் பய, சின்னப் பய. மூன்றாம் பகுதியில் ஞானசிகாமணியே 'சின்னப் பய' என்று சொன்னதை நான்தான் எழுதினேன், எழுதியும் காதில் விழவில்லை. 'பையன் என்னும் சொல் அரிது' என்று நான் முழங்கியது அட்சரசுத்தமான உண்மை. அந்த உண்மையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சென்னைக்காரர் சொல்லைத் தவறாகக் கேட்டு விஷயத்தைச் சரியாக எழுதியிருக்கலாம்.

அல்லது இரண்டையும் தவறாக.

எழுத்தில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சங்கிலிக்கொம்பு. ப-வுக்கு முன்னால் கொம்பு இருந்தால் தொம்மை மெதுவாக விட்டார், இல்லாவிட்டால் பெனோ விட்டான். முதல் வகுப்புப் பிள்ளைகள் போட மறந்து குட்டு வாங்குகிற அந்தக் கொம்பின் மேல்தான் கப்பல் வந்து நிற்கிறது.

பெனோவைப் பற்றி நான் இதுவரை ஒன்றுமே எழுதவில்லை என்பது இங்கேதான் உறைத்தது. வக்கீலின் கோப்பில் ஒரு புகைப்படம் இருக்கிறது. ஸ்டுடியோவில் இரவல் கொடுத்த கோட்டு, தோள் இரண்டு பக்கமும் தொங்குகிறது. அதை வைத்து எழுதிப் பார்த்தேன்: கடலன்னையின் மடியில் தவழ்ந்த அந்த இளம்

வேண்டாம்.

6

கதாசிரியனுக்கு ஒரு வசதி உண்டு. பாத்திரத்தையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். வக்கீல் அலுவலகத்தில் தொம்மையைச் சந்தித்தேன். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இருமல் இன்னும் முழுதாகப் போகவில்லை.

"அன்னைக்கு எஞ்சினப் புடிச்சது யாரு?"

"இவன்தாம் வே. அதான் சொல்லியாச்சே" என்றார் ஞானசிகாமணி.

"அவரு சொல்லட்டுமே வக்கீலே."

தொம்மை என்னைப் பார்க்காமல் மேசைக்காலைப் பார்த்தார். என் புத்தகத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

"வள்ளம் யார் பேர்ல இருக்கு, அண்ணாச்சி?"

"உங்க பேர்ல."

"அப்பம் புடிச்சது நான்தான்."

ஞானசிகாமணி மேசையில் தட்டினார். "கேட்டீரா? தெளிவா சொல்லிட்டாம்லா."

"ஆஸ்பத்திரில பதிவு பண்ணாங்களே, அதுல என்ன சொன்னீங்க? பைய-ன்னா, பய-ன்னா?"

"என்ன கேட்டானுவ, என்ன சொன்னேன், ஒண்ணும் நெனவுல்ல. இருமுனது நெனவிருக்கு."

அவ்வளவுதான். எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "அண்ணாச்சி, இதெல்லாம் எங்க அக்காட்டக் கேக்காதீய."

அந்தப் பதில் கோர்ட்டுக்குப் போதும், கதைக்குப் போதாது. வள்ளம் என் பேரில் இருக்கிறது என்பவர் தான் செய்ததைச் சொல்கிறாரா, செத்தவன் செய்ததைத் தன் பேரில் எழுதிக்கொள்கிறாரா? இரண்டுக்கும் அதே முகம்தான் இருக்கும். என் முந்தைய வரைவில் தொம்மை இந்த இடத்தில் குமுறி அழுது எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். மூன்று பக்கம் அழுதார். கிறிஸ்டி படித்துவிட்டு, "இவரு யாரு, உங்க புஸ்தகத்துல வாரவரா?" என்றாள். எடுத்துவிட்டேன்.

7

தொம்மை சொன்னபடி நான் அவர் அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர்தான் வந்து கேட்டார்.

கண்ணீர் வற்றிய விழிகளோடு வாசலில் வந்து நின்ற அந்தத் தாயின்

இல்லை. சாலோமி வந்ததும் முதலில் பஸ்ஸைத் திட்டினார். கூடங்குளத்திலிருந்து நின்றுகொண்டே வந்தாராம், கண்டக்டர் வயசு பார்க்காமல் பேசுகிறானாம். கிறிஸ்டி கொடுத்த காப்பியைக் குடித்து முடிக்கும்வரை கண்டக்டர்தான் பேச்சு. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வார்த்தைக்குச் சர்டிபிகேட் கொடுக்க ஆளு நீங்கதானா?"

"ஆமா."

"எந்தம்பி பேசுனதக் கேட்டியளா?"

"கேட்டேன்."

"பைய-ன்னு எழுதப் போறியளாம். வக்கீலு சொன்னாரு."

நான் தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன். உங்கள் மகன் மேல் ஒரு பழியும் வராது, அதற்காகத்தான் இவ்வளவும் செய்கிறோம், நீங்கள் நிம்மதியாக இருக்கலாம் என்று. சான்றிதழ் நடையிலேயே வந்தது.

"பழி கெடக்கட்டும்" என்றார் சாலோமி. "அவன் படிப்ப விட்ட நாள்லேர்ந்து எஞ்சின் புடிக்கணும் எஞ்சின் புடிக்கணும்னு அவன் மாமன்ட்டக் கேட்டுக்கிட்டே திரிஞ்சான். இவன் கொடுக்கவே மாட்டான். வலைய இழு, மீனப் பொறுக்கு, தண்ணியக் கோரி ஊத்து, அம்புட்டுத்தான். எங்கிட்ட வந்து, 'மாமா என்னய வள்ளத்துல ஏத்துன மூட்டைன்னு நெனைக்காரும்மா'ம்பான். அன்னைக்காவது கொடுத்தானா?"

"தம்பிட்டக் கேக்கலையா நீங்க?"

"கேட்டேன். வள்ளம் எம்பேர்ல இருக்குங்கான்."

கிறிஸ்டி டம்ளரை எடுக்க வந்தவள் எடுக்காமல் நின்றாள்.

"கொடுத்திருந்தாம்னா, புடிச்ச கையோட போயிருக்கான் எம்புள்ள. கொடுக்கலைன்னா மூட்டையாத்தான போயிருக்கான்."

"பய-ன்னு எழுதுனா, அவன் தப்புன்னு ஆயிரும். உங்களுக்கு வாரதும் கொறஞ்சிரும்."

"கொறையட்டும். தப்பு செய்யதுக்கும் அவன் கையில என்னமாச்சும் இருந்திருக்கணும்லா."

தப்பைப் பங்கு வைப்பதைப் பற்றி மூன்றாம் பகுதியில் நான் அத்தனை வியாக்கியானம் செய்தேன். அதில் ஒரு பங்கு தன் மகனுக்கு வேண்டும் என்று ஒருவர் பஸ் ஏறி வந்து கேட்பார் என்பதற்கு அங்கே இடம் விடவில்லை. எந்தக் கடல்சார் சட்டத்திலும் விட்டிருப்பதாகத் தெரியவில்லை. 'பெத்தவ அத எப்படித் தாங்குவா' என்று வக்கீல் கேட்டபோது கிண்டல் செய்யாமல் தலையாட்டியவன் நான். அன்று செய்திருக்கலாம்.

பதிவைக் கேட்க வேண்டும் என்றார். ஓடவிட்டேன். போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு கேட்டார். இன்னொரு தரம் போடச் சொன்னார். தம்பியின் குரல், கப்பல், வாடை, இருமல். முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இருமுதான்" என்றார்.

பிறகு, "நீங்க சொல்லுங்க. பைய-யா, பய-யா?" என்றார்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு மாடிக்கு வந்தேன். அவர் கீழே கிறிஸ்டியோடு இருக்கிறார். கடைசி பஸ்ஸுக்குள் சொல்லியாக வேண்டும்.

8

இனி முடிவுகள்.

பைய என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஞானசிகாமணி சுவரில் இன்னொரு வரி சேர்ப்பார். பெனோ மேல் குற்றமில்லை. அவன் வள்ளத்தின் நடுவில் உட்கார்ந்தபடி, கையில் ஒன்றுமில்லாமல், கப்பல் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று என் கையெழுத்தோடு கோர்ட்டில் பதிவாகும்.

பய என்று எழுதலாம். விடிகிற நேரம், தொம்மை கொஞ்சம் கண்ணயரலாம் என்று, 'இந்தா லே, புடி' என்று கைப்பிடியைக் கொடுக்கிறார். பெனோ பிடிக்கிறான். (இந்தக் காட்சியை இரண்டு பக்கம் எழுதினேன். இந்தக் கதைக்காக எழுதியதிலேயே நன்றாக வந்தது அதுதான். நன்றாக வந்ததாலேயே அதன்மேல் சந்தேகம். இங்கே சேர்க்கவில்லை.) அதன் பிறகு தொம்மை சொன்னது பொய்யாகிவிடும். மருமகன் தப்பைத் தன் பேரில் எழுதிக்கொள்ள அந்த மனிதர் இருமி இருமிக் கட்டியது உடைந்துபோகும், அவர் அப்படித்தான் கட்டினார் என்றால்.

'தெளிவாகக் கேட்கவில்லை' என்றும் எழுதலாம். நேர்மையான பதில். அதை எழுதிவைத்துப் பார்த்தேன். தமிழ் தெரியும் என்று சொல்லிக்கொள்கிற ஒருவன், தமிழில் ஒரு சொல் கேட்டு வந்தவரிடம், இந்த நீளத்துக்குக் கதை எழுதிவிட்டு, நீட்டுகிற தாளாக அது இல்லை.

கோர்ட்டுக்கு ஒன்று, கீழே உட்கார்ந்திருப்பவருக்கு இன்னொன்று என்று இரண்டு சொல்லலாம் என்பது கிறிஸ்டியின் யோசனை. அவள் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. எனக்கும் அப்படி நினைக்கக் காரணம் கிடைக்கவில்லை, கொஞ்சம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என்னால் முடியவில்லை. ஆகவே சான்றிதழை இங்கேயே வைத்துவிடுகிறேன்:

'மேற்படி ஒலிப்பதிவில் பேசியவர் சொன்ன சொல் "   பய" என்பதே எனச் சான்றளிக்கிறேன்.'

ப-வுக்கு முன்னால் இடம் விட்டிருக்கிறேன். கொம்பு போடுவதோ விடுவதோ உங்கள் பொறுப்பு. பேனாவை எடுப்பதற்கு முன் இரண்டு இருமலையும் ஒருமுறை வாய்விட்டு இருமிப் பாருங்கள். பிறகு படியிறங்கிப் போய் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்.

மோதிய நேரத்தில் கடலைப் பார்த்துக்கொள்ளக் கப்பலின் மேல்தட்டில் ஆளே இல்லை என்று கப்பல் கம்பெனி இன்று மதியம் ஒப்புக்கொண்டு, முழுத் தப்பையும் ஏற்றுக்கொண்டுவிட்டது, கோர்ட்டுக்கு இனிச் சான்றிதழ் தேவையில்லையாம், வக்கீல் இப்போதுதான் போன் செய்தார்.